காபரா துறையில் ஒரு பயறுதின்னி

காபரா ஆற்றுத் துறையில் தெனெம்பாவின் உளிச் சத்தம் கேட்காத நாள் இல்லை. ஒட்டகங்கள் கொண்டுவரும் உப்புப் பலகைகளை அவள் சில்லுகளாக உடைத்து விற்பாள். முழுப் பலகைகளைக் கணவன் பாலா படகில் தெற்கே கொண்டுபோவான். அங்கே உப்புக்குத் தங்கம் கிடைத்தது. தங்கம் அரசரான மன்சாவுக்குப் போயிற்று. பாலாவுக்குத் தோளில் காய்ப்பு மிஞ்சியது.

அந்த வருடம் மன்சா மெக்காவுக்குப் புறப்பட்டார். சுமை தூக்க அவருடைய அதிகாரி துறையில் நாற்பது பேரைக் கயிற்றில் கட்டினான். பாலாவும் அதில் ஒருவன். பாலைவனம் போன சுமைகாரர்களில் பாதிப்பேர் திரும்புவதில்லை.

தெனெம்பா இமாமிடம் ஓடினாள்.

"அழாதேம்மா. அரசரோட புண்ணியத்துல உன் புருஷனுக்கும் பங்குண்டு."

"அப்படின்னா உங்க மகன் ஏன் கயித்துல இல்ல?"

இமாம் தஸ்பீஹ் மணியை உருட்டினார்.

அவள் அதிகாரியிடம் போனாள். விரட்டத்தான் அவன் கையை ஓங்கினான். ஆனால் எங்கள் ஊரில் புது முகத்தைப் பார்த்ததும் குலப்பெயர் கேட்காமல் வாய் சும்மா இராது.

"நீ எந்தக் குலம்?"

"தராவ்ரே. நீங்க?"

"ஜாரா" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இரண்டும் கேலி உறவுக் குலங்கள். ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் வையலாம்; 'பயறுதின்னி' என்பதுதான் வழக்கமான வசவு. ஆனால் கேட்டதை மறுக்கக் கூடாது. மறுத்தவனைச் சொந்தக் குலமே காறித் துப்பும்.

தெனெம்பா இடுப்பில் கை வைத்தாள். "அட பயறுதின்னி! தலைப்பாகை கட்டினா அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியா? எங்க தாத்தா ஒரு படி பயறுக்கு வாங்கின அடிமைப் பயதானே நீ!"

துறையே சிரித்தது.

"மெதுவாப் பேசு தாயே, வீரருங்க கேக்கறாங்க."

"கேக்கட்டும். எசமானி சொல்றேன், என் புருஷன அவுத்து விடு."

"உங்க தாத்தாதான் எங்க வீட்டுப் பயறைத் திருடித் தின்னாரு" என்று முனகியபடி அவனே கயிற்றை அறுத்தான்.

அவள் நகரவில்லை. "இங்க வேற யாருப்பா தராவ்ரே?" என்று கத்தினாள்.

முப்பத்தொன்பது கைகளும் உயர்ந்தன. அதிகாரியே சிரித்துவிட்டான். ஆனால் தராவ்ரே என்பதற்குச் சாட்சி இருந்த நால்வரைத்தான் விட்டான். மற்றவர்கள் சுமையோடு பாலைவனத்துக்கு நடந்தார்கள். குலப்பெயர் பார்த்து உயிர் தரும் வழக்கத்தை நீதி என்று நான் சொல்லமாட்டேன். மார்க்கமும் அரசும் கைவிட்ட இடத்தில் ஒரு வசவு ஐந்து வீடுகளில் அடுப்பை எரியவைத்தது, அவ்வளவுதான்.

அன்று தெனெம்பா பயறு சமைத்தாள். பாலா மூன்று தட்டு தின்றான்.

"போதும்யா, நீயும் ஜாரா ஆயிடப்போற" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.