டுவேனை நீக்கவா?

மார்லிஸ் க்ரூகரைப் பற்றி யாராவது எழுதியே ஆகவேண்டும். வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்காவில், இந்த ஷெபாய்கன் ஊரில் நான் குடிவந்த நாளிலிருந்து அவள் என் பக்கத்து வீடு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிற காலையிலும் அவள் வண்டி நேரத்துக்கு வரும், அவள் வண்டியில் ஒரு பிள்ளையும் வாலாட்ட முடியாது.

தன் வீட்டு வருமான வரிக் கணக்கை மார்லிஸ் தானேதான் போடுவாள். கணினிக்கான வரி மென்பொருள் அட்டைப்பெட்டியில் கடைக்கு வந்த காலத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். என் வீட்டுக்காரரோ ஏப்ரல் பிறந்ததும் காகிதப் பையைத் தூக்கிக்கொண்டு கணக்காளரிடம் ஓடுவார். "அவளைப் பாருங்க" என்று நான் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம் முடிந்த அடுத்த ஞாயிறு அவர்களுக்கு வரி நாள். சமையலறை மேசையில் கணினி, பாலாடைக்கட்டித் தட்டு, டுவேனுக்கு ஒரு பீர். டுவேன் அவள் புருஷன், இரும்பு வார்ப்பு ஆலையில் வேலை. அவன் சம்பளச் சான்றிதழைக் கையில் பிடித்து ஏலக்காரன் குரலில் எண்களைக் கூவுவான், இவள் தட்டுவாள். மென்பொருள் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பொடி எழுத்தில் விளக்கம் வைத்திருக்கும். இந்த நாட்டில் அதை முழுக்கப் படிக்கிற ஒரே பிறவி மார்லிஸ்தான் என்று டுவேன் கிண்டலடிப்பான்.

கடைசியில் இருவரின் தொழிலையும் கேட்கும். அங்கேதான் வருஷா வருஷம் சண்டை.

"மீனவன்னு போடு" என்பான் டுவேன்.

"ஆலையில இரும்பு ஊத்துறவன் மீனவனா? கவர்மென்ட்டுகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

"மனசால நான் மீனவன்டி!"

"மனசுக்கெல்லாம் இங்க கட்டம் கெடையாது. வாயை மூடிட்டு பீரைக் குடி."

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் டுவேன் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றான். ஜனவரி முழுக்க உறைந்த ஏரியில் கூடாரம் போட்டு, பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலோடு கிடந்தான். பிப்ரவரியில் ஒரு நாள் அந்தக் கூடாரத்திலேயே இதயம் நின்றுவிட்டது. பக்கத்தில் வாளி நிறைய மீன் இருந்ததாம். பாவி மனுஷன்! அந்த வருஷம் வரி நாள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஏப்ரலில் மார்லிஸ் தனியாக உட்கார்ந்து, அதற்கு முந்தைய வருஷக் கணக்கை ஒருவழியாக அனுப்பினாள்.

அடுத்த பிப்ரவரி வந்தது, டுவேன் இறந்த வருஷத்துக் கணக்கைப் போடவேண்டும். டுவேனின் தம்பி வெர்ன் வந்து நின்றான்.

"அண்ணி, இந்தத் தடவை சிக்கல். செத்தவன் கணக்கு. பேசாம ஒரு ஆள்கிட்ட குடுத்துருங்க, காசு நான் குடுக்குறேன்."

"உங்க அண்ணனும் நானும் போட்ட கணக்குடா இது. கடைசித் தடவையா எவனோ ஒருத்தன் வந்து அவன் பேரை அடிக்கணுமா? உன் வேலையப் பாரு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பக்கத்தில் இரண்டு பெயரும் இன்னொரு முறை சேர்ந்து நிற்குமா என்பதுதான் அவள் கவலை. நிற்காது என்று அவளே முடிவுகட்டியிருந்தாள். அடிப்பதானால் தன் கையால் அடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வரி நாளில் என்னைக் கூப்பிட்டாள். டுவேனின் நாற்காலியில் உட்காரவைத்துக் காகிதங்களைக் கையில் கொடுத்தாள்.

திரை திறந்தது. 'மார்லிஸ், டுவேன், மீண்டும் வருக! வாழ்க்கையில் ஏதும் மாற்றம் உண்டா?' என்று பல்லிளித்தது. எனக்கு அந்தக் கணினியை ஏரியில் வீசவேண்டும் போலிருந்தது. மார்லிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். மணமானவரா, தனியாளா என்று அடுத்த கேள்வி.

"தனியாள்" என்று தட்டினாள். அவளுக்குப் பொய் வராது.

'டுவேனை நீக்கவா?' என்றது திரை.

"வேணாம் மார்லிஸ், கொஞ்சம் பொறு" என்றேன்.

"உண்மை உண்மைதான் வாசுகி." அழுத்திவிட்டாள். டுவேன் பெயர் போயிற்று. ஒரு நொடிகூட ஆகவில்லை.

"படி" என்றாள். அவளுடைய சம்பளச் சான்றிதழைப் படித்தேன்.

"என்ன இது, சாவு வீட்டுல பேசுற மாதிரி? கூவு!"

கூவினேன். அடுத்தது, டுவேன் இறப்பதற்கு முந்தின மாதம், ஜனவரியில், அவனுக்கு வந்த பென்ஷனுக்கான சீட்டு. இது யாருடையது என்று திரை கேட்டது. தேர்ந்தெடுக்க இருந்தது ஒரே பெயர், மார்லிஸ்.

அவள் கை நின்றுவிட்டது. "இது என்னோடது இல்ல. அந்த உலைச் சூட்டுல வெந்தவன் அவன். என் பேர்ல போட மாட்டேன்."

"போடலன்னா மேல போகாதே?"

"அப்போ எங்கயோ தப்பு பண்ணிருக்கேன்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் கேள்விக்கே திரும்பிப் போனாள். பெயரை அடிக்கிற பதற்றத்தில், வாழ்நாளில் முதல் தடவையாக, அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் தாண்டியிருந்தாள். இப்போது விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. அதை வாய்விட்டுப் படித்தாள்.

துணைவர் அந்த ஆண்டில் இறந்திருந்து, மறுமணம் செய்யாதிருந்தால், அந்த ஆண்டு முழுவதும் நீங்கள் மணமானவராகவே கருதப்படுவீர்கள்.

"ஆண்டு முழுவதும்" என்று இன்னொரு முறை படித்தாள். "டிசம்பர் கடைசி வரைக்கும் வாசுகி! கிறிஸ்துமஸுக்கு ஒத்தையா உக்காந்து ப்ராட்வர்ஸ்ட் சாசேஜைத் தின்னுட்டு அழுதேனே, அன்னிக்கும் அவன் என் புருஷன்தான். கவர்மென்ட்டே சொல்லுது!"

சிரித்தாள், அப்படியே அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், எனக்கென்ன கல்லு மனசா?

டுவேனைத் திரும்பக் கொண்டுவந்தாள். பெயருக்குப் பக்கத்தில் அவன் இறந்த தேதியைக் கேட்டது, போட்டாள். பென்ஷன் அவன் பெயருக்கே போய்ச் சேர்ந்தது. நான் தொண்டை கட்டும்வரை கூவினேன்.

கடைசியாகத் தொழில் கட்டம். அவளுக்கு எதிரே பேருந்து ஓட்டுநர். அவனுக்கு எதிரே பழைய கணக்கிலிருந்து வார்ப்பாலைத் தொழிலாளி என்று தானாகவே வந்து நின்றது. மார்லிஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

"ஏய், என்ன பண்ற? நீ பொய் சொல்லமாட்டியே?"

"எது பொய்? அந்த வருஷத்துல அவன் ஆலைக்கு ஒரு நாள் போனானா? ஏரியிலதானே கெடந்தான்? அந்த வருஷம் அவன் பாத்த ஒரே வேலை அதான்."

மீனவன் என்று தட்டினாள். சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அனுப்பு பொத்தானை அழுத்தினாள்.

"கடைசியில ஜெயிச்சுட்டான் பாரு, கழுதை" என்றாள்.