மாமாவின் இடது தோள்

அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்களுக்குக் கோட்டுக்காரரைத் தெரியாமலிருக்க நியாயமே இல்லை. முப்பது வருடமாக அவர்களுடைய கல்யாணக் கோட்டையும் கம்பெனிக் கோட்டையும் தைத்துக் கொடுப்பவர் அவர்தான். யாருக்கு எந்த வருடம் தொப்பை விழுந்தது என்பது அவரவர் மனைவிக்குத் தெரிகிறதோ இல்லையோ, இவருடைய அளவு நோட்டுக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட வீட்டுப் பையன் ஒருவனை அவருடைய ஒரே மகள் காதலித்தாள். இரண்டு பேரும் ஒரே ஆபீசில் கட்டட வரைபடம் போடுகிறவர்கள். பையனின் அம்மா பேசுவதற்குக் கடைக்கே வந்தாள், காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு.

"உங்க பொண்ணுகிட்ட ஒரு குறையும் சொல்ல முடியாதுங்க. எங்க ஆளுங்கதான் ஒரு மாதிரி. ஞாயித்துக்கிழமை டீக்கு வர்றப்போ துணி பிசினஸ்னு மட்டும் சொல்லிக்கோங்க. அது ஒண்ணும் பொய்யில்லையே?"

பொய்யில்லைதான். ஆனாலும் கோட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. தாயில்லாத பெண், அந்தப் பையன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். தன்னால் அது கெட்டதென்று இருக்கக் கூடாது. சரியென்று தலையாட்டி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். ஹால் முழுக்க அவர் தைத்த கோட்டுகள்! யாராவது, "அட, நம்ம டெய்லர்!" என்று சொல்லிவிட்டால் போச்சு. ஒருத்தரும் சொல்லவில்லை. கை குலுக்கினார்கள், பிசினஸ் எப்படி என்றார்கள், நகர்ந்துவிட்டார்கள். அளவு பார்க்கும்போதெல்லாம் அவர்கள் கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள். இவர் கீழே மண்டிபோட்டு பேன்ட் ஓரத்தில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தவர். முப்பது வருடத்தில் ஒருத்தன்கூடக் குனிந்து முகத்தைப் பார்க்கவில்லையா? பயம் போய், அந்த இடத்தில் எரிச்சல் வந்து சம்மணம் போட்டது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய்மாமா வந்தார். கோட்டை நீவி விட்டுக்கொண்டே, "பாத்தீங்களா, வெளிநாட்டுத் தையல். துணி பிசினஸ்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா? நம்ம ஊர் டெய்லருங்களுக்கு இந்தக் கை வராது" என்றார்.

"அது நான் தைச்சதுங்க."

வாய் முந்திக்கொண்டது. கையாவது சும்மா இருந்ததா? பழக்கதோஷம், மாமாவின் தோளை நீவிச் சரிசெய்தது.

"உங்களுக்கு இடது தோள் அரை இன்ச் இறக்கம். உள்ள பஞ்சு வெச்சு ஏத்தியிருக்கேன். தொட்டுப் பாருங்க."

மாமா தோளைத் தொடவில்லை.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். "சம்பந்தி சரியான குறும்புக்காரர்!" என்றாள். அவ்வளவுதான், ஹாலே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமா. அத்தனை சிரிப்புக்கு நடுவில் மகளின் சிரிப்பும் கோட்டுக்காரர் காதில் தனியாக விழுந்தது.

திரும்பும்போது டாக்சியில் மகள் பெருமூச்சு விட்டாள். "நல்லவேளைப்பா, யாரும் நம்பல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோவமாப்பா? ஒரு நல்ல விஷயம் சொல்லட்டா? அவருக்குக் கல்யாணக் கோட்டு நீங்கதான் தைக்கணுமாம். உங்க கை வேற யாருக்கும் வராதுன்னு சொன்னாரு."

கிழவருக்கு முகம் மலர்ந்தேவிட்டது. மாப்பிள்ளையின் தோள் அளவை இன்றைக்கே கண்ணால் எடுத்தாகிவிட்டது, துணி மட்டும் நல்லதாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"யாராவது கேட்டா மட்டும், வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சதுன்னு சொல்லிக்கலாம்னு..." மகள் இழுத்தாள்.

கோட்டுக்காரர் கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. கோட்டு வெளிநாட்டுலேர்ந்து வந்துடும். உங்கப்பன் எங்கேர்ந்து வந்தான்னு சொல்லப்போறே?"

மகள் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். வீடு வந்து சேரும்வரை தேடிக்கொண்டே இருந்தாள்.