மேல்மண் என்று தள்ளிவிட்ட யோசனை

அப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே ஈரக்கரியும் கிரீசும் கலந்த வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிடும். கால் கழுவிக்கொண்டே தினமும் ஒரே வசனம்: "மேல்மண்ண தள்ளாம கரி ஏதுடா?" அவர் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தைச் சொன்னார்; அங்கே மேலே கிடக்கும் மண்ணை வெட்டித் தள்ளினால்தான் அடியில் கரி தெரியும். நானோ, நல்ல யோசனையும் கரி மாதிரி அடியில்தான் கிடக்கும், மேலே கிடப்பதையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டால் பளபளவென்று தானே வெளியே வரும் என்று ஒன்பதாம் வகுப்பில் மனதார நம்பினேன். அவ்வளவு பெரிய முட்டாளை எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் வேறு எங்கும் பார்த்திருக்க முடியாது.

அறிவியல் கண்காட்சிக்கு ஆறு வாரம் இருந்தது. இரண்டு பேருக்கு ஒரு "புராஜெக்ட்", யோசனை சொந்தமாக இருக்க வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. என் ஜோடி வேல்முருகன். சேத்தியாத்தோப்பு சாலையில் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருபவன். ஒன்பதாம் வகுப்பில் அது அவனுக்கு இரண்டாவது வருடம். "இந்த வாட்டியும் போச்சுன்னா எங்கப்பா டிராக்டர்ல ஏத்தி வுட்ருவாரு. நீ மூளக்காரன், பாத்து செய்டா" என்றான். அந்த "மூளக்காரன்" என்ற சொல்தான் என்னைக் கெடுத்தது.

மறுநாளே அவன் ஒரு யூரியா பையில் மண்ணோடு வந்து நின்றான். "இது எங்க வயலு மண்ணு. சுரங்கத்துலேர்ந்து கொட்டுற மண்ண இன்னொரு தொட்டியில போடுவோம். ரெண்டுலயும் நெல்லு வெதச்சி, எது எப்பிடி வருதுன்னு எழுதிக்கினே வருவோம்."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "இதெல்லாம் மேல்மண்ணுடா. இன்னும் தோண்டணும்."

"நீ மேல்மண்ணுங்கற. எங்க வூட்ல அதுக்குப் பேரு வயலு" என்றான்.

தோண்டினேன். காலையில் ஒரு ஷிஃப்ட், மாலையில் ஒரு ஷிஃப்ட் என்று எனக்கு நானே டியூட்டி போட்டுக்கொண்டு, கரிப்பொடியில் பற்பொடி, சங்கு ஊதினால் தானே திறக்கும் டிபன் பாக்ஸ், வெயில் அடித்தால் மட்டும் சுற்றும் மின்விசிறி என்று எழுதி எழுதி அடித்ததில் ஒரு நோட்டு தீர்ந்தது; கரி மட்டும் தட்டுப்படவில்லை. "நெல்லு வளர நாளு வேணும்டா, இப்ப போட்டாகூட ஆவும்" என்று வேல்முருகன் வாராவாரம் வந்து நின்றான். "பொறுடா, கரிகிட்ட வந்துட்டேன்" என்றேன் வாராவாரம்.

நான்கு நாள் மிச்சமிருந்தபோதுதான் எனக்கு உதறல் எடுத்தது. காய்ச்சல் வரட்டும் என்று நனைந்த தலையோடு திரிந்தேன், தும்மல்கூட வரவில்லை. பச்சைப்பயறாவது முளைக்கப் போடலாமா என்று அவனிடம் கெஞ்சினேன். அவன் யூரியா பையின் வாயைச் சுருட்டி பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். கடைசியில், மண் அள்ளும் பெரிய சக்கர மெஷினைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டினோம்.

கண்காட்சியன்று அறிவியல் சார் அதன் முன் நின்றார். "இது பன்னெண்டாவது மெஷினுப்பா. சுரங்கத்துலயே இவ்ளோ கெடையாது. இதுல உங்க சொந்த யோசனை எங்க?" கேட்டு முடிப்பதற்குள் சக்கரம் கழன்று அவர் செருப்பின் மேல் விழுந்தது. நான் குனிந்து சக்கரத்தைப் பொறுக்கினேன். வேல்முருகன்தான் பேசினான்: "அவன் ரொம்ப யோசிச்சான் சார்." அதில் கேலி இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். இல்லை.

இப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பு. போனிடம் கேட்டு நிமிடத்தில் இருபது யோசனை வாங்கிவிட்டாள். ஆறாவது: இரண்டு தொட்டி, இரண்டு மண், ஒரே விதை. "இதச் செய்ம்மா" என்றேன். "வயல் மண்ணு எங்கப்பா எடுக்கறது?" என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே வயல், வேல்முருகன் பஸ் ஏறிய நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்தது. நிறுத்தமும் இல்லை, வயலும் இல்லை. அந்த இடம் இப்போது சுரங்கத்துக்குள்.

நாங்கள் ஒன்பதாவது படித்த அந்த வருடம் புராஜெக்டுக்குப் பத்து மதிப்பெண். எங்களுக்குப் போட்டது இரண்டு. நான் பாஸ். வேல்முருகனுக்கு அறிவியலில் பாஸாக நான்கு மதிப்பெண் குறைந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை.