பாய் கேட்ட ‘யாருக்குங்க?’

நண்பர்களே, போன வாரம் அமுக்கராச் சூரணத்தைப் புகழ்ந்து இந்தக் குழுவில் நான் எழுதிய மின்னஞ்சலை மறந்துவிடுங்கள்.

இன்று சாயங்காலம் கோட்டைமேட்டு நாட்டு மருந்துக் கடைக்கு இரண்டாவது பொட்டலம் வாங்கப் போனேன். “யாருக்குங்க?” என்று கேட்காமல் கடைக்கார பாய் தராசைத் தொடமாட்டார்.

சென்ற முறை பின்னால் கூட்டம் நின்றது. கேள்விகளுக்குப் பயந்து “எனக்குத்தானுங்க” என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அது காரமடையில் இருக்கும் அக்காவுக்கு. எந்நேரமும் அசதி என்றிருந்தாள்.

இன்று உண்மையைச் சொன்னேன்.

“அக்கா வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறாங்களா?”

“தைராய்டுக்குச் சாப்பிடறாங்க.”

அள்ளிய பொடியை பாய் திரும்ப டப்பாவில் கொட்டினார்.

“அதோட இதையும் சேத்துச் சாப்பிட்டுப்போட்டு ரெண்டு பேரு எங்கிட்டயே வந்தாங்க. உங்கக்கா நெஞ்சு படபடங்குதுன்னாங்களா?”

சொல்லியிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை போனில். “மருந்து வேலை செய்யுதுக்கா, விட்டுப்போடாத” என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். பொடியை உடனே நிறுத்து, காலையில் முதல் வேலையாக டாக்டரைப் பார் என்றேன்.

“செரி கண்ணு. நீ சொன்னீன்னுதான் சாப்பிட்டேன்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

என் மின்னஞ்சலில் ‘யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பி வாங்கியவர்கள் இன்றே பதில் போடுங்கள். பொடியின் மகிமையெல்லாம் வேண்டாம். யாருக்கு வாங்கினீர்கள் என்பதை மட்டும், என்னைப் போல் பொய் சொல்லாமல், எழுதுங்கள்.