அம்மா பாத்ரூமில் தூங்கிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் நாங்கள் முதன்முதலாகக் குடியிருந்தது, அதைக் கட்டுவதற்கு முன்னால். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சந்தாபுராவைத் தாண்டி ஏரிப் பக்கம் போகும் மண்சாலையில் அப்பா ஒரு சின்ன மனை வாங்கியிருந்தார். அதன் மேற்கு ஓரத்தில் ஒரு புங்கமரம் நின்றது. அதைத் தவிர அங்கே சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அப்போது நாங்கள் நீலசந்திராவில், மூன்றாவது மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடலாம். பகலிலும் டியூப்லைட் எரிய வேண்டும்.

ஒரு மேஸ்திரி வரைந்து கொடுத்த பிளானை அப்பா மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மனையின் நான்கு ஓரம் வரைக்கும் சுவர், மூன்று பெட்ரூம், ஏசி மாட்டத் தனியாக ஓட்டை. புங்கமரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பாத்ரூம். ஜிகணியில் அவர் லேத் ஓட்டிய ஃபேக்டரியில் அந்தத் தாளைப் பார்க்காதவர்கள் இல்லை.

பார்த்துவிட்டுப் பாராட்டாத ஒரே ஆள் என் சித்தி. அம்மாவின் தங்கை. டிப்ளமோ சிவில் படித்துவிட்டு வீடு வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். இந்த வீட்டில் நட்டநடுப் பகலில் விளக்கு போட வேண்டும், மார்கழியில்கூட ஃபேன் ஓட வேண்டும் என்றாள். சுவிட்சைப் போட்டால் தீர்ந்தது என்றார் அப்பா. மூன்று வாரம் இது நடந்தது. அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவள் கார்மெண்ட்ஸ் வேலையிலிருந்து வந்து, இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

கடைசியில் சித்தி ஒரு பந்தயம் வைத்தாள். "ஒரு நாள் முழுக்க அந்த பிளான்லயே இருந்து பாக்கலாம் மாமா. சாயங்காலத்துக்குள்ள உங்க மனசு மாறலைன்னா, அதையே நான் நல்லா வரைஞ்சு தரேன்."

ஏப்ரல் மாத ஞாயிறு. பாய், தண்ணீர்க் கேன், சித்ரான்னம் கட்டிய தூக்கு எல்லாவற்றோடும் பஸ் ஏறிப் போனோம். சித்தி அளவு நாடாவைப் பிடித்து, சுண்ணாம்புத் தூளால் மேஸ்திரியின் பிளானை அப்படியே முழு அளவில் தரையில் போட்டாள். கதவு வரும் இடங்களில் மட்டும் கோட்டில் இடைவெளி. கோடென்றால் சுவர், அதைத் தாண்டக் கூடாது, கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்பது சட்டம். சட்டத்தைக் காக்கும் வேலை எனக்கு. அதுவரைக்கும் என் வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு பதவி கிடைத்ததில்லை. ஹாலிலிருந்து சமையலறைக்குச் சுவர் வழியாகப் போன அப்பாவை நான்கு முறை திருப்பி அனுப்பி, சுற்றிக்கொண்டு வரவைத்தேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே சுற்றி வந்தார். அம்மா சிரித்த சிரிப்பில் தட்டு கையிலிருந்து நழுவியது.

மாடு ஓட்டிக்கொண்டு போன ஓர் அம்மாள் நின்று, "மனெ எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டார், வீடு எங்கே என்று. அம்மா கொஞ்சமும் தயங்காமல், "இதே அக்கா, ஒளகடெ பன்னி" என்றாள், இதுதான், உள்ளே வாங்க என்று. அவர் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, சரியாக வாசல் வழியாக நுழைந்து, ஹாலில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டார். போகும்போது வீடு நன்றாக இருக்கிறது, ஆனால் வெக்கை என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கியது.

இரண்டு மணிக்கு அப்பா தன் பெரிய பெட்ரூமுக்குப் போனார். அது தென்மேற்கு மூலையில் இருந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீம்பாகப் படுத்தார். வெயில் நேராக அவர் மேல் வந்து விழுந்தது. வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது.

"மேல கூரை வந்துட்டா சூடு எங்கருந்து வரும்?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"நீலசந்திராவுலயும் மேல கூரை இருக்குது மாமா," என்றாள் சித்தி.

மேற்குச் சுவர் மதியமெல்லாம் குடிக்கிற வெயிலை ராத்திரி முழுக்க உள்ளே விடும் என்று அவள் மேலும் விளக்கினாள். துண்டு அசையவில்லை.

அப்போதுதான் அம்மாவைக் காணோம் என்று கவனித்தேன். சமையலறையில் இல்லை, ஹாலில் இல்லை. தேடிக்கொண்டு போனால், புங்கமரத்தடியில் பாயை விரித்துப் படுத்திருந்தாள்.

"அம்மா பாத்ரூம்ல தூங்குறாங்க," என்று வீட்டுக்கே அறிவித்தேன்.

அப்பா துண்டை எடுத்துவிட்டு எழுந்து, நேராக எங்களிடம் வந்தார். வழியில் இரண்டு சுவர்களைத் தாண்டினார். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. இலைகளின் நிழல் அவள் கன்னத்தில் ஆடியது. காய்ச்சலாக இருக்குமோ என்று கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

அப்பா, "அந்தத் தூளைக் கொஞ்சம் எடும்மா," என்று சித்தியிடம் மெதுவாகச் சொன்னார். கை நிறைய அள்ளி, அம்மாவின் தலைமாட்டில் ஆரம்பித்து, கால்மாட்டைச் சுற்றி, மரத்துக்கும் அவளுக்கும் நடுவே கொண்டுவந்து முடித்தார். லேத்தில் நூல் பிடித்தாற்போல் வேலை செய்கிறவர் போட்ட கோடு, பாம்பு போல வளைந்து கிடந்தது.

"ரூம் இங்க வரட்டும்."

"அப்ப பாத்ரூமு?" என்றாள் சித்தி.

"அது எங்கயாவது போவட்டும்."

அது தென்மேற்கு மூலைக்குப் போனது. வெயில் விழுந்து எப்போதும் காய்ந்து கிடக்கிறது. வேருக்கு இடம் வேண்டும் என்று சித்தி அப்பாவின் கோட்டை மட்டும் மூன்றடி உள்ளே தள்ளினாள். மூன்று பெட்ரூம் இரண்டானது, வீடு பாதியாகச் சுருங்கியது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையே அழுத்திக் கல்லாக்கி, பூசாமல் சுவர் வைத்தார்கள். சூடு மேலே ஏறிப் போகக் கூரையில் ஒரு வழி. சாயங்காலம் ஆறரை மணி வரை யாரும் சுவிட்சைத் தேடுவதில்லை. கோடையில் வரும் சொந்தக்காரர்கள் ஏசி எங்கே இருக்கிறது என்று சுவரைச் சுற்றிப் பார்ப்பார்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்துத் தானே இடம் குறித்ததாக அப்பா அவர்களிடம் சொல்வார். சித்தி எதிரிலேயே உட்கார்ந்து தலையாட்டுவாள்.

ஆனால் அன்றைக்குக் கோடு போட்டு முடித்த பிறகும் அப்பா அங்கிருந்து நகரவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. அம்மா எங்கள் எல்லோருக்கும் பின்னால் படுத்து, எல்லோருக்கும் முன்னால் எழுகிறவள். அப்பாவுக்கோ வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அவர் பாயோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புதிதாக எதையோ பார்ப்பவர் போல அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னப்பா பாக்குற என்று கேட்டேன். சும்மா என்றார்.

எறும்பு வருகிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்தேன். எழுந்து போய் அம்மாவுக்கு மறுபக்கம் உட்கார்ந்து, அவர் கண்ணில் படாமல் ஏதாவது ஏறிவிடப் போகிறதே என்று அவள் எழுந்திருக்கும்வரை பாயின் ஓரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.