இலங்கை இல்லாத ஏழு துண்டுகள்

போன வெள்ளிக்கிழமை வவுனியாவில் ஓர் உலகப்படம் வாங்கினேன். சுருட்டி மடியில் வைத்தபடி பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்தேன். பழைய சோதனைச் சாவடி இருந்த இடம் நெருங்கியதும் என் கை தானாகவே படத்தைச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஒருமாதிரிப் பார்த்தார். நீங்களும் சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றெட்டில் புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்பொன்றில் புவியியல் படிப்பித்தேன். எல்லாக் கண்டங்களும் ஒருகாலத்தில் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்து பிறகு விலகின என்றால் பிள்ளைகள் நம்பவில்லை. காட்டுவதற்குப் படமும் இல்லை. இராணுவச் சாவடியில் படங்களை விடமாட்டார்கள். ஆகவே வவுனியாவுக்குப் போனபோது சவர்க்காரப் பெட்டி மட்டையில் கண்டங்களை ஒற்றி வெட்டினேன். ஐரோப்பாவும் ஆசியாவும் ஒன்றாக, இந்தியா தனியாக, மொத்தம் ஏழு துண்டுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் இலக்கம். சவர்க்காரத்துக்குக் கட்டுப்பாடு இருந்த காலம், மணத்துக்கு இல்லை. இலங்கையை மட்டும் வெட்டவில்லை. அந்தப் படத்தோடு பிடிபட்டால் வீடு திரும்புவது நிச்சயமில்லை.

திரும்பி வரும்போது சாவடி மேசையில் துண்டுகள் கொட்டப்பட்டன. கூட வந்தவர் கணிதம் படிப்பிக்கும் புவனா ரீச்சர். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். எங்கள் இருவரில் சிங்களம் தெரிந்தவர் அவர்தான்.

"இது என்னன்னு கேக்கிறாரு சேர். பொருத்திக் காட்டுங்க."

ஆபிரிக்காவோடு தென் அமெரிக்காவைச் சேர்த்தேன். பொருந்தியது. சிப்பாய் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ஏதோ கேட்டார்.

"லங்கா எங்கன்னு கேக்கிறாரு."

நான் ரீச்சரின் பக்கம் திரும்பினேன். "வெட்டேல்லையெண்டு சொல்லுங்கோ."

"ஏன் வெட்டலைன்னு கேட்டா? அப்ப அது இந்தியாவோட ஒட்டியிருந்திச்சுன்னு சொல்றேன். நீங்க வாயத் திறக்காதீங்க!"

சிப்பாய் தலையாட்டினார். பேனையை எடுத்தார். மட்டைத் துண்டில் கடல் ஏது? இந்தியாவின் தென்முனைக்கு மேலேயே, மிக அக்கறையாக, இலங்கையை வரைந்து தந்தார்.

"இப்பதான் சரியாம்" என்றார் புவனா ரீச்சர்.

ஐம்பது மீற்றர் தள்ளி அதே சாவடியின் அடுத்த மேசை. இலங்கைப் படத்தை யார் வரைந்தது என்று அங்கே கேட்டால், உங்கள் ஆள்தான் என்று சொல்ல முடியுமா? நான் யோசித்துக்கொண்டிருக்க, வரிசையில் நின்றபடியே புவனா ரீச்சர் அந்த முனையைக் கடித்தார். மென்றார். விழுங்கினார்.

"விடுங்க சேர், வயிறு சுத்தமாயிரும்."

மறுநாள் வகுப்பில் இந்தியாவுக்கு முனையில்லை. "சேர், எங்கட இடம் எங்க?" என்றாள் ஒருத்தி. "புவனா ரீச்சரைக் கேளுங்கோ" என்றேன். தட்டி மறைப்புக்கு அப்பால் அவர் வெண்கட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது கேட்டது.

சாவடி இல்லை, மேசைகள் இல்லை, அந்த வகுப்புக் கொட்டிலும் இல்லை. புதுப் படத்தில் இலங்கை அச்சிலேயே பச்சையாக இருக்கிறது. துண்டுகளின் இலக்கங்கள், அன்றைய மழைமூட்டம், அடுத்த மேசையில் நின்ற பதினொரு நிமிடம் எல்லாம் என் நாட்குறிப்பில் உள்ளன. போரின் இறுதி இடப்பெயர்வில், நான் அவரைக் கடைசியாகக் கண்ட சந்தியில், கைகாட்டிவிட்டு புவனா ரீச்சர் எந்தப் பக்கம் போனார் என்பதை மட்டும் எழுதவில்லை. நேரம் இருந்தது. பிறகு எழுதலாம் என்று நினைத்தேன்.