பருந்துக்காக வெட்டிய குழி

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம். நான் ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலையில், புதூர்நாடு பக்கம் ஒரு சிற்றூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. அந்த வருடம் ஊர்க் கோழிகளுக்கு வெள்ளைக்கழிசல் கண்டிருந்தது. காலையில் மேய்ந்த கோழி சாயங்காலம் கழுத்தை முறுக்கிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து விழுந்துவிடும்.

செத்த கோழியை அங்கே யாரும் புதைக்கமாட்டார்கள். ஊருக்கு வெளியே பாறைமேல் போட்டுவிடுவார்கள். பருந்து தூக்கிப்போனால் சீக்கும் அதோடு மலை தாண்டிப் போய்விடும் என்று நம்பிக்கை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பருந்து என்றாலே ஆகாது. குஞ்சுகளைத் தூக்கிப்போவதால் வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஒருநாள் இருவரும் செத்த கோழியோடு பாறைக்குப் போனோம். அங்கே ஒரு பருந்து, பறக்க முடியாமல் கழுத்தை முறுக்கிக்கொண்டு தள்ளாடியது.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"நம்ம கோழிக்கு வந்த அதே சீக்கும்மா. அதத் துன்னுதான் இதுக்கும் வந்துகீது."

எதிரே புளியமரத்தில் அதன் கூடு. குஞ்சு ஒன்று பசியில் கத்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அதன் ஜோடிப் பருந்து பாய்ந்து வந்து, பாறையில் கிடந்த கோழியைத் தூக்கிக்கொண்டு கூட்டை நோக்கி எழும்பியது. அதைத் தின்றால் குஞ்சுக்கும் அதே கதிதான். அக்கா கூச்சல் போட்டபடி ஓடினார். வீசிய முதல் கல் தவறியது. அடுத்தது இறக்கையை உரச, கூட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பருந்து கோழியை நழுவவிட்டது.

பாறையில் கிடந்ததையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தோம். புதைத்துவிடலாம் என்று அக்கா மண்வெட்டியை எடுத்தார். "புதைச்சா சீக்கு ஊர்லயே தங்கிடும்" என்று நாலு பேர் வழிமறித்தார்கள். ஒருவர் மண்வெட்டியைப் பிடுங்கவே வந்துவிட்டார்.

"தங்குனா என் வூட்டாண்டயே தங்கட்டும், வுடுங்க" என்றார் அக்கா. தன் கொல்லையிலேயே ஆழமாகக் குழி வெட்டினார். அவரிடம் மிச்சமிருந்தது ஒரு தாய்க்கோழியும் அதன் குஞ்சுகளும்தான். ஊர் சொன்னதை அவரும் நம்பியவர்தான். குழியை மூடியதும் தாய்க்கோழியைத் தூக்கி ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கீழே விட்டார்.

நோயுற்ற பருந்து மறுநாள் செத்தது. அதையும் புதைத்தோம். அதன்பின் தினமும் எழுந்ததும் அக்காவின் கோழியைப் பார்ப்பேன், பிறகு மரத்துக் கூட்டைப் பார்ப்பேன். நல்லவேளையாக இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழைக்கு முன்பே பருந்துக்குஞ்சு பறந்தது. நான் சந்தோஷத்தில் அக்காவைக் கூப்பிட்டேன். அவரோ தன் குஞ்சுகளை அவசரமாகக் கூடைக்குள் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்.

வேண்டாதவர் வீட்டுப் பிள்ளைக்காகத் தன்னிடம் இருந்த கடைசிக் கோழியையும் பணயம் வைத்தவரை நேரில் பார்த்த பிறகு, யார்மேலும் முழுதாக வெறுப்பைச் சுமக்க எனக்கு இன்றுவரை மனம் வந்ததில்லை.